இரண்டு போனை முட்டினால் உள்ளே என்ன நடக்கிறது

1997-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஜுன் ரெகிமோட்டோ ஒரு வித்தை காட்டினார். கையடக்கக் கணினியின் திரையில் இருக்கும் ஒரு படத்தைப் பேனா முனையால் தொட்டு எடுப்பார். அதே பேனாவைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு கணினியின் திரையில் வைப்பார். படம் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். பிக் அண்ட் டிராப் என்று அதற்குப் பெயர் வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்குப் படம் பேனாவுக்குள் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது போலத்தான் தெரியும்.

பேனாவில் எதுவுமே ஏறவில்லை. அதற்கு ஓர் அடையாள எண் உண்டு, அவ்வளவுதான். "இந்த எண்ணுள்ள பேனா இந்தப் படத்தை எடுத்திருக்கிறது" என்று முதல் கணினி வலையமைப்பில் குறித்து வைக்கும். அதே எண் இரண்டாவது திரையில் தட்டுப்பட்டதும், படம் வலையமைப்பு வழியே தன்பாட்டுக்கு வந்து சேரும்.

போனை முட்டுவது, குலுக்குவது, நீட்டிக் காட்டுவது, தலையோடு தலை சேர்ப்பது என்று பிறகு வந்த சைகைகளில் பெரும்பாலானவை இதே வித்தையின் வேறு வேறு வேடங்கள்தான். சைகையின் வேலை "யாருக்கு" என்று சொல்வது. சுமை, அதாவது அனுப்பும் தரவு, போவது வேறு வழியில். ஒரு முறை ஏன் பிழைத்தது, இன்னொன்று ஏன் செத்தது, நம் கையில் ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை என்பதற்கெல்லாம் விடை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

எதிரே நிற்பவர் யார் என்பது நம் கண்ணுக்குத் தெரியும். போனுக்குத் தெரியாது. ப்ளூடூத்தைத் திறந்தால் சுற்றியுள்ள எல்லாக் கருவிகளின் பெயர்களும் வரிசையாக வந்து நிற்கும். அதில் ஒரே மாதிரிப் பெயரில் மூன்று போன்கள், ஒரு ஹெட்செட், பெயருக்குப் பதிலாக எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு சங்கதி. "உங்க போன் பேர் என்ன?" என்று கேட்டு, அவர் செட்டிங்ஸில் தேடி, படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அனுப்பும் ஆசையே போய்விடும். இந்தக் கேள்வியை வாயால் கேட்காமல் கையால் தீர்ப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

தரவே சைகையின் வழியாகப் போன காலம்

ஒரு காலத்தில் சைகையும் சுமையும் ஒரே வழியில்தான் போயின. 1998-இல் வந்த பாம் 3 கையடக்கக் கருவியின் தலைப்பகுதியில் அகச்சிவப்புச் சாளரம் இருந்தது. இரண்டு கருவிகளையும் எதிரெதிரே நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் முகவரி அட்டை அந்தப் பக்கம் போய்விடும். ஐஆர்டிஏ எனப்படும் இந்த அகச்சிவப்பு முறையில் ஒளி ஒரு சிறிய கூம்பாகத்தான் விரியும். எட்டுவது சுமார் ஒரு மீட்டர். யாரை நோக்கி நீட்டுகிறோமோ அவருக்கு மட்டும்தான் போகும் என்பதால் "யாருக்கு" என்ற கேள்வி எழவே இல்லை.

கணக்கைப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். அடிப்படை ஐஆர்டிஏவின் உச்ச வேகம் நொடிக்கு 115.2 கிலோபிட். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, முடிவு பிட்களைச் சேர்த்தால் 10 பிட் ஆகிறது. ஆக நொடிக்கு 11,520 பைட். 300 பைட் முகவரி அட்டை கண்ணிமைப்பதற்குள் போய்விடும். இன்றைய 4 எம்பி புகைப்படத்துக்கு ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் இரண்டு பேரும் கையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சைகை ஒரு நொடி வேலை. அதையே சாலையாகவும் ஆக்கினால் கை வலிக்கும்.

மிக அருகில் வைத்தால் மட்டும் பேசும் என்எஃப்சி முறையின் கதையும் இதுவே. 13.56 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று காந்தப் புலத்தால் தொடுகின்றன. எட்டும் தூரம் நாலு சென்டிமீட்டர், அதுவும் நல்ல நாளில். வேகம் நொடிக்கு 106, 212 அல்லது 424 கிலோபிட். மேல்வேகத்தை வைத்துக்கொண்டாலும் 4 எம்பி படத்துக்கு 75 நொடி. நெறிமுறைச் சுமையைச் சேர்த்தால் இன்னும் கூடும். முதுகோடு முதுகு ஒட்டி 75 நொடி யாரும் நிற்கப் போவதில்லை.

என்எஃப்சியால் தொட்டு அனுப்பும் வசதியாக 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0-உடன் வந்த ஆண்ட்ராய்டு பீம், முதலில் இணைய முகவரி, தொடர்பு விவரம் போன்ற சிறு பொருள்களை மட்டும்தான் கடத்தியது. அடுத்த ஆண்டு 4.1-இல் பெரிய கோப்புகளும் வந்தபோது சுமையை ப்ளூடூத்துக்கு மாற்றிவிட்டார்கள். "என் ப்ளூடூத் முகவரி இது, இணைப்புக்கான திறவுகோல் இது" என்ற சில வரிகளை மட்டும் என்எஃப்சி சொல்லும். பிறகு போன்களைப் பிரித்துக்கொள்ளலாம். சாம்சங் அதே ஆண்டு கேலக்ஸி எஸ்3-இல் கொண்டுவந்த எஸ் பீம், சுமையை, இரண்டு போன்கள் நேரடியாக இணையும் வைஃபை டைரக்டுக்குக் கொடுத்தது. இப்படிக் கைமாற்றிவிடும் ஏற்பாடு வந்த பிறகுதான் தொட்டு அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவந்தது.

ஆனாலும் பீம் நிலைக்கவில்லை. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 அதைக் கைவிடப்பட்ட வசதிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆண்ட்ராய்டு 14-இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு செட்டிங்ஸில் பீமைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய போனில் என்எஃப்சி பொத்தான் இருக்கும், பீம் இருக்காது. பணம் செலுத்துவதற்கும், அட்டைகளையும் ஒட்டு டேக்குகளையும் படிப்பதற்கும்தான் அது.

பீம் தடுமாறிய இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு போன்களின் முதுகையும் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் திரையில் இருப்பது சுருங்கி, "அனுப்பத் தொடுக" என்று வரும். அப்போது திரையைத் தட்ட வேண்டும். இங்கேதான் வம்பு. தட்டும் விரலின் அழுத்தத்தில் போன் ஒரு சென்டிமீட்டர் நழுவும், சுருள்கள் விலகும், இணைப்பு அறுந்து எல்லாம் முதலில் இருந்து. அதோடு சுருள் எல்லாப் போனிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒன்றில் கேமரா அருகில், இன்னொன்றில் முதுகின் நடுவில், ஐபோனில் மேல் விளிம்பில். அளவு வேறான இரண்டு போன்களை விளிம்புக்கு விளிம்பு சரியாகப் பொருத்தினால் சுருள்கள் பொருந்தாமல் போகும். ஆகவே ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை அதன் மேல் மெதுவாக, நொடிக்கு ஒரு விரற்கடை அளவில் நகர்த்த வேண்டும். அதிர்ந்ததும் நிறுத்த வேண்டும். டக்கென்று தட்டி எடுப்பவருக்குத்தான் அதிகம் தோற்கும், ஏனென்றால் என்எஃப்சி சில்லு எப்போதும் ஒரே வேலையில் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் தேடும், கொஞ்ச நேரம் காத்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால் சந்திப்பு இல்லை.

உறையும் கெடுக்கும். உலோகத் தகடு ஒட்டிய உறை காந்தப் புலத்தை விழுங்கும். உறைக்குள் சொருகிய வங்கி அட்டையோ பயண அட்டையோ இருந்தால், எதிரே உள்ள போன் அந்த அட்டையோடு பேசிக்கொண்டிருக்கும்.

முட்டல்

என்எஃப்சி எல்லாப் போனிலும் இல்லாத காலத்தில், எந்தப் புதிய வன்பொருளும் கேட்காமல் வந்தது பம்ப் செயலி. 2009-இல் ஐபோனுக்கு வெளியானது. கையில் போனை வைத்துக்கொண்டு முஷ்டியோடு முஷ்டி மோதினால் தொடர்பு விவரம் கைமாறும். போனுக்குப் போன் எந்த வானொலி அலையும் போகவில்லை. இரண்டு போன்களும் "இந்த நொடியில், இந்த இடத்தில், எனக்கு இப்படி ஓர் அடி விழுந்தது" என்று இணையம் வழியே ஒரு சர்வருக்குச் சொல்லும். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அடி வாங்கிய இரண்டு பேரை சர்வர் ஜோடி சேர்க்கும். 2013 செப்டம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2014 ஜனவரி 31-ஆம் தேதியோடு செயலி நின்றது.

இந்தக் கருத்துக்குப் பம்ப் முதல் சொந்தக்காரர் இல்லை. ஆய்வாளர் கென் ஹிங்க்லி 2003-இலேயே டேப்லெட் கணினிகளை ஒன்றோடொன்று முட்டி இணைத்துக் காட்டியிருந்தார். இரண்டு கருவிகளுக்கும் ஒரே கணத்தில் நடக்கும் நிகழ்ச்சியே அவற்றின் உறவுக்குச் சாட்சி என்பதுதான் அவர் பிடித்த நூல். பம்ப் அந்தச் சாட்சியைக் கேட்கும் நீதிபதியை இணையத்தில் உட்கார வைத்தது.

இதை நாமே கட்டிப் பார்க்கலாம். சொன்னால் எளிது, கட்டும்போதுதான் ஒவ்வொன்றாகக் காலை வாரும்.

முதலில் முடுக்கமானி, அதாவது ஆக்சிலரோமீட்டர். ஆண்ட்ராய்டில் அதைக் கேட்கும்போது நார்மல், யூஐ, கேம், ஃபாஸ்டெஸ்ட் என்று நான்கு வேகங்கள் உண்டு. முதல் மூன்றின் இடைவெளி முறையே 200, 60, 20 மில்லிநொடி. முட்டல் ஒரு திடீர் அடி. அதன் கூர்முனை ஒரு சில மில்லிநொடிகளில் வந்து போய்விடும். 20 மில்லிநொடிக்கு ஒரு முறை எட்டிப்பார்ப்பவர் இரண்டு பார்வைக்கு நடுவே அதைக் கோட்டைவிடலாம். நொடிக்கு 100 முறையாவது வேண்டும். 200-க்கு மேல் கேட்டால் ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதியை அறிவிக்க வேண்டியிருக்கும். முட்டலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. இணையப் பக்கமாகச் செய்பவருக்குப் பெரும்பாலும் நொடிக்கு 60-தான் கிடைக்கும். ஐபோன் சஃபாரியில் எச்டிடிபிஎஸ் முகவரியும், பயனர் ஒரு பொத்தானைத் தட்டிய பிறகு கேட்கும் அனுமதியும் இல்லாமல் அசைவுத் தரவே வராது. பக்கம் திறந்ததும் தானாகக் கேட்டால் மறுக்கப்படும்.

அடுத்து, புவியீர்ப்பைக் கழிக்க வேண்டும். சும்மா இருக்கும் போனும் 9.8 என்றுதான் காட்டும். வழக்கமான செய்முறை: பழைய ஈர்ப்பு மதிப்பில் 0.8 பங்கு, புதிய அளவீட்டில் 0.2 பங்கு சேர்த்து ஈர்ப்பைக் கணித்து, அதை அளவீட்டிலிருந்து கழிப்பது. இந்த 0.8-ஐ எல்லோரும் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அதன் பொருள் மாதிரி வேகத்தைப் பொறுத்தது. வடிகட்டியின் நினைவு நீளம் இடைவெளியைப் போல 4 மடங்கு. 10 மில்லிநொடி இடைவெளியில் அது 40 மில்லிநொடி, 200 மில்லிநொடி இடைவெளியில் முக்கால் நொடிக்கும் மேல். முன்னதில் கை வீச்சு கரைந்து அடி மட்டும் நிற்கும். பின்னதில் கை வீச்சும் சேர்ந்து வந்து குழப்பும்.

பிறகு மூன்று அச்சுகளையும் சேர்த்து ஒரே பருமனாக்கி, ஒரு வாசலைத் தாண்டினால் அடி என்று கொள்ள வேண்டும். தொடக்கத்துக்கு 15 மீட்டர்/நொடி² வைத்துப் பார்த்து, பல கைகளில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அடியின் உயரத்தை இரண்டு போன்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை வரும். நியூட்டனின் மூன்றாம் விதி இருக்கிறதே, விசை சமம்தானே என்று தோன்றும். விசை சமம்தான். முடுக்கம் சமம் இல்லை; போனின் எடை வேறு, அதைப் பிடித்த கையின் இறுக்கம் வேறு, இடையில் மெத்தென்று உறை வேறு. சில சென்சார்கள் புவியீர்ப்பைப் போல 4 மடங்குக்கு மேல் எழும் முனையை வெட்டியே காட்டும். உயரத்தை நம்பக் கூடாது. நேரத்தை நம்பலாம்.

போனை மேசையில் வைப்பதும் அடிதான். அதைப் பிரிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு: மேசையில் வைத்த போன் அடிக்குப் பின் அரை நொடியில் செத்தது போல் அசையாமல் கிடக்கும், 9.8 முழுவதும் ஒரே அச்சில் வந்து நிற்கும். கையில் இருக்கும் போனில் எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அடிக்குப் பிந்தைய 300 மில்லிநொடியின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் போதும்.

கடிகாரம்தான் பெரிய தலைவலி. இரண்டு போன்களின் கடிகாரமும் ஒன்றாக இருக்காது. ஆகவே இரண்டும் சர்வரின் கடிகாரத்துக்குத் தங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். போன் தன் கடிகாரப்படி 1000-இல் ஒரு கேள்வி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 5040-இல் பெற்று 5042-இல் பதில் தருகிறது. போனுக்கு அது 1082-இல் வந்து சேர்கிறது. போகும் வழியில் வேறுபாடு 4040, வரும் வழியில் 3960, சராசரி 4000. அதுதான் இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள விலகல். பயணத்துக்கு மொத்தம் 80 மில்லிநொடி. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது இந்தக் கணக்கு. ஊகம் பொய்த்தால் பிழை 40 மில்லிநொடி வரை போகும். மொபைல் டேட்டாவில் பொய்க்கும். ஆகவே ஏழெட்டு முறை கேட்டு, எதன் பயண நேரம் மிகக் குறைவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிட வேண்டும். சராசரி எடுப்பது தவறு. தாமதம் எப்போதும் கூட்டத்தான் செய்யும், குறைப்பதில்லை.

இன்னொரு குழி: சென்சார் நிகழ்வோடு வரும் நேர முத்திரையைத்தான் பயன்படுத்த வேண்டும், செயலியின் கைக்கு அது வந்த நேரத்தை அல்ல. இயங்குதளம் சில அளவீடுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தரும். அந்தத் தாமதம் அடிக்கு அடி மாறும். அந்த முத்திரையும் போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் நானோநொடிக் கணக்கு, சுவர்க் கடிகாரம் அல்ல. ஒப்பீட்டையும் அதே கடிகாரத்தில் செய்ய வேண்டும்.

ஜோடி சேர்ப்பதில் பேராசைப்படக் கூடாது. உலகம் முழுவதிலிருந்தும் நொடிக்கு 20 அடிகள் சர்வருக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிநொடி சாளரத்துக்குள் தற்செயலாக விழக்கூடிய அந்நியர்கள் சராசரியாக 2 பேர். நேரம் மட்டும் போதாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். இருப்பிடம், ஐபி முகவரி, சுற்றியுள்ள வைஃபை பெயர்கள் என்று வடிகட்டினால்தான் கூட்டம் குறையும். வடிகட்டிய பிறகும் இரண்டு பேர் பொருந்தினால், அதிகம் பொருந்துபவரைத் தேர்ந்தெடுக்காமல் "மறுபடி முட்டுங்கள்" என்று சொல்வதுதான் நியாயம். மறுபடி முட்டுவது இரண்டு நொடி எரிச்சல். தவறானவருக்குப் போன படம் திரும்ப வராது. ஒரே ஒருவர் பொருந்தினாலும் உடனே அனுப்பாமல் பெயரைக் காட்டி இரு பக்கமும் ஒப்புதல் வாங்க வேண்டும். நாம் முட்டும் அதே கணத்தில் பக்கத்தில் நின்று சுவரில் தட்டுபவரும் சர்வர் கண்ணுக்கு நம் ஜோடிதான்.

குலுக்கலுக்கு ஏமாற்று குறைவு

இந்த ஓட்டையைக் குலுக்கல் அடைக்கும்; அது முட்டலுக்கும் முந்தியது. ஆய்வாளர் லார்ஸ் எரிக் ஹோம்க்விஸ்ட் குழுவினர் 2001-இல் ஸ்மார்ட்-இட்ஸ் பிரெண்ட்ஸ் என்ற சிறு கருவிகளைச் செய்தார்கள். இரண்டை ஒரே கையில் பிடித்துக் குலுக்கினால் அவை நண்பர்களாகிவிடும். 2007-இல் ரெனே மேர்ஹோஃபரும் ஹான்ஸ் கெல்லர்சனும் அதையே பாதுகாப்புச் சோதனையாக வளர்த்தார்கள்.

ஒரு முட்டல் ஒரே ஒரு கணம். அதைப் போலி செய்ய நேரம் பார்த்துத் தட்டினால் போதும். சில நொடிக் குலுக்கல் என்பது நூற்றுக்கணக்கான அளவீடுகள் கொண்ட ஒரு வளைகோடு. எதிரே நின்று பார்த்துக்கொண்டே அதே போல் குலுக்க முயல்பவரின் கை எப்போதும் கொஞ்சம் பிந்தும், அதிர்வின் நுண் அசைவுகள் வேறாகும். ஒரே கையில் சேர்ந்திருக்கும் இரண்டு போன்களுக்கு அந்த நுண் அசைவும் ஒன்றுதான்.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கை. போன்கள் எந்தத் திசையில் பிடிக்கப்பட்டுள்ளன என்பது தெரியாது. எக்ஸ் அச்சை எக்ஸ் அச்சோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. மூன்றச்சின் பருமனை மட்டும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஒரு பக்கம் தன் அசைவுப் பதிவை முதலில் அனுப்பினால், நடுவில் இருக்கும் திருடன் அதையே நகலெடுத்து "என்னுடையதும் இதுதான்" என்பான். ஆகவே முதலில் இரு பக்கமும் திறவுகோல் பரிமாறி, பிறகு தங்கள் பதிவைப் பூட்டிய வடிவில் ஒப்படைத்து, இரண்டும் கைக்கு வந்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். சீட்டாட்டத்தில் இருவரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு ஒன்றாகத் திருப்புவது போல.

இவ்வளவு நன்றாக இருந்தும் குலுக்கல் கடைத்தெருவுக்கு வரவில்லை. காரணம் தொழில்நுட்பம் இல்லை என்றே தோன்றுகிறது. முன்பின் அறியாதவரின் விலையுயர்ந்த போனை வாங்கித் தன் போனோடு சேர்த்துக் குலுக்க யாருக்குக் கை வரும்?

சுட்டிக் காட்டுவதும் தலை சேர்ப்பதும்

2019-இல் ஐபோன் 11-இல் வந்த யூ1 சில்லு, பழைய அகச்சிவப்பு நீட்டலைத் திரும்பக் கொண்டுவந்தது. அல்ட்ரா வைடுபேண்ட் எனப்படும் இந்த அலை 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மிகக் குறுகிய துடிப்புகளாகப் போகும். போய் வரும் நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் அளவு சென்டிமீட்டர் கணக்கில் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களில் அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்ற வேறுபாட்டிலிருந்து திசையும் கிடைக்கும். ஆப்பிளின் கோப்புப் பகிர்வு வசதியான ஏர்டிராப்பின் பட்டியலைத் திறந்து எதிரே இருக்கும் ஐபோனை நோக்கி நீட்டினால் அவர் பெயர் முன்னுக்கு வரும். போனைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சரியாக வரும். அவர் போனைப் பின்பாக்கெட்டில் வைத்திருந்தால் இடையில் நிற்கும் உடம்பே அலையைக் குடித்துவிடும்.

கவனிக்க வேண்டியது: இங்கே சைகை தேர்வு செய்வதில்லை, வரிசையை மட்டும் மாற்றுகிறது. தவறினாலும் கேடு இல்லை. பட்டியல் அப்படியே இருக்கிறது. சைகை தோற்றாலும் வேலை நிற்காதபடி அமைத்த இந்த ஏற்பாடுதான், பகட்டில்லாவிட்டாலும், எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது.

2023-இல் ஐஓஎஸ் 17 கொண்டுவந்த நேம்டிராப் இன்னும் துணிச்சல். இரண்டு ஐபோன்களின் மேல் விளிம்புகளையும் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்து அப்படியே வைத்திருந்தால், இரண்டு திரைகளிலும் ஓர் ஒளி பரவி, தொடர்பு அட்டை எழும். உங்களுடையதையும் கொடுப்பதா, அவருடையதை வாங்க மட்டும் செய்வதா என்று தேர்ந்தெடுக்கலாம். வேண்டாம் என்றால் அது முடிவதற்குள் போன்களை விலக்கவோ பூட்டவோ செய்தால் போதும். முதுகோடு முதுகு இல்லாமல் தலையோடு தலை என்பதால் இரண்டு பேருக்கும் திரை தெரிகிறது, கட்டைவிரலும் சும்மா இருக்கிறது. பீம் தடுக்கி விழுந்த கல்லை இது சுற்றிப் போகிறது.

வேலை செய்யாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். இரண்டு போனும் பூட்டுத் திறந்து, திரை விழித்திருக்கிறதா? செட்டிங்ஸ், ஜெனரல், ஏர்டிராப் போய், கருவிகளை அருகில் கொண்டுவருதல் பற்றிய பொத்தான் இயங்குகிறதா? வைஃபையும் ப்ளூடூத்தும் இரண்டிலும் இயங்குகின்றனவா? பெர்சனல் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். வைஃபை வானொலி அதில் மாட்டிக்கொண்டிருக்கும். தொடர்புச் செயலியில் உங்களுக்கென்று ஓர் அட்டையைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? கடிகாரத்தோடு செய்வதானால் வாட்ச்ஓஎஸ் 10.1, அதுவும் சீரிஸ் 7, அல்ட்ரா, இரண்டாம் தலைமுறை எஸ்இ ஆகியவற்றிலிருந்துதான். ஒரு புகைப்படத்தைத் தேர்ந்துவைத்து அதே போல் நெருக்கினால் அட்டைக்குப் பதில் அந்தப் படத்தைப் பகிரலாம்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் சில காவல் துறைகள், பக்கத்தில் வந்தாலே விவரம் திருடுபோகும் என்ற தொனியில் நேம்டிராப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. அப்படிப் போகாது; பூட்டுத் திறந்து, ஒப்புதல் தட்டினால்தான் போகும். உண்மையான கசிவு வேறு இடத்தில் இருந்தது, அதற்கு முட்டவே தேவையில்லை. ஏர்டிராப்பில் "தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும்" என்று வைத்தால், நீங்கள் அவர் பட்டியலில் இருக்கிறீர்களா என்று பார்க்கத் தொலைபேசி எண்ணின் ஹேஷ், அதாவது எண்ணைக் கலைத்து உருமாற்றிய குறியீடு, பரிமாறப்படும். எண்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. எல்லா எண்களுக்கும் ஹேஷ் போட்டுப் பார்த்தால் மூல எண் கிடைத்துவிடும். டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள்.

காற்றில் பிடிக்கும் சைகையும் வந்திருக்கிறது: 2024 இறுதியில் ஹுவாவே மேட் 70 போன்களில், திரைக்கு முன் கையைக் குவித்துப் படத்தைப் "பிடித்து", இன்னொரு கருவிக்கு முன் விரித்து விடலாம். ரெகிமோட்டோவின் பேனாவிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டார்கள். பார்க்க அழகு. கேமரா எப்போதும் கையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், குவித்த கை யாருடையது என்று கேமராவுக்குச் சொல்ல ஆளில்லை.

சைகை வைத்துச் செயலி எழுதுபவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கை நடுங்குபவர்கள், ஒரு கை மட்டும் உள்ளவர்கள், போனைச் சக்கர நாற்காலியில் பொருத்தி வைத்திருப்பவர்கள் ஆகியோரால் இவற்றில் பலவற்றைச் செய்யவே முடியாது. அசைவால் நடக்கும் எதையும் சாதாரணப் பொத்தானாலும் செய்ய முடிய வேண்டும், தவறி அசைந்தால் நடக்காதபடி அணைக்கவும் முடிய வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் விதி அடிப்படை நிலையிலேயே கேட்கிறது. க்யூஆர் குறியீடு இதற்கு நல்ல மாற்று: ஒருவர் காட்டுகிறார், மற்றவர் கேமராவை நீட்டுகிறார். தொட வேண்டாம், குலுக்க வேண்டாம், கடிகாரம் ஒத்துப்போக வேண்டாம். கண்ணாடித் திரையின் பளபளப்பும் ஒளி குறைவான திரையும்தான் அதன் எதிரிகள்.

ஆண்ட்ராய்டில் இன்று பொதுவான வழி க்விக் ஷேர். 2020-இல் நியர்பை ஷேர் என்று கூகுள் தொடங்கியது, 2024 ஜனவரியில் சாம்சங்கின் க்விக் ஷேருடன் ஒன்றானது. ப்ளூடூத் கண்டுபிடிக்கும், வைஃபை சுமக்கும். 2025 நவம்பரில் பிக்சல் 10 போன்களில் தொடங்கி அது ஏர்டிராப்போடும் பேசத் தொடங்கியது. ஐபோன்காரர் செட்டிங்ஸில் "எல்லோருக்கும் 10 நிமிடம்" என்பதைத் திறந்துவைத்தால் பிக்சலின் பட்டியலில் அவர் தெரிவார். 4 எம்பி படம் மூச்சு விடுவதற்குள் போய்விடும். அங்கே முட்டலும் இல்லை, நீட்டலும் இல்லை. பட்டியலில் வரும் பெயர்களில் எது அவருடையது என்று வாயால்தான் கேட்க வேண்டும்.